முதலில் மண்ணுக்கு இடம் பாருங்கள்

கேள்வி: நாமக்கல் பக்கத்துக் கருங்கல் குவாரிகளில் பல ஆண்டு வேலை பார்த்தவன் நான். இந்தியச் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககமான டிஜிஎம்எஸ் தரும் இரண்டாம் வகுப்பு மேலாளர் சான்று வைத்திருக்கிறேன். இப்போது குடும்பத்தோடு ஆக்லாந்தில் இருக்கிறேன். நகருக்குத் தெற்கே ஒரு குவாரியில் திட்டப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. மேலாளர் அடுத்த ஐந்தாண்டுக்கான வெட்டுத் திட்டத்தை என்னை வரைந்து தரச் சொல்கிறார். நம் ஊரில் ஓரடி, ஈரடி மண்ணை ஜேசிபி வைத்துத் தள்ளிவிட்டால் கல் வந்துவிடும். இங்கே கல்லைப் பார்ப்பதற்கு முன் இருபது மீட்டர் களிமண் நிற்கிறது. மழை வேறு ஓய்வதில்லை. களிமண்ணையும் ஜல்லியையும் ஒரே குழியிலிருந்து எடுக்கும்போது திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது? இவ்வளவு களிமண்ணைச் செங்கல் சூளைக்கு விற்க முடியாதா? கடைசியாக ஒன்று: என் சான்று இங்கே செல்லுமா?
— வாசகர், பாப்பாகுரா, ஆக்லாந்து

பதில்: உங்கள் மேலாளர் கேட்டது கல் வெட்டும் திட்டம். நீங்கள் முதலில் வரைய வேண்டியது மண் கொட்டும் திட்டம். ஆக்லாந்துக் குவாரிகளில் கல் தீர்ந்து குழி மூடப்படுவதைவிட, களிமண்ணை வைக்க இடமில்லாமல் குழி முடங்குவதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து. மற்றவர்கள் மறுக்கலாம். ஆனால் கீழே உள்ள கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு மறுக்கட்டும்.

நாமக்கல்லில் நீங்கள் வெட்டியது சார்னோக்கைட்டும் நைஸும். வறண்ட நிலத்தில் வழுக்குப் பாறையாக வெளியே நிற்கும் கல் அது. மண் பெயருக்குத்தான் இருக்கும். ஆக்லாந்துக்காரர்களும் ஒரு காலத்தில் அப்படி வசதியாகத்தான் கல் எடுத்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலைகளின் மேல் உட்கார்ந்திருக்கும் நகரம் இது. எரிமலைக் கூம்புகளிலிருந்து ஸ்கோரியாவையும், குழம்பு உறைந்த இடங்களிலிருந்து பசால்ட்டையும் நூறாண்டுக்கு மேலாக அள்ளினார்கள். த்ரீ கிங்ஸ் என்ற எரிமலையின் மூன்று பெரிய கூம்புகளில் இன்று நிற்பது ஒன்றுதான். மௌன்ட் வெல்லிங்டன் அடிவாரத்துக் குவாரிக் குழிக்குள் ஸ்டோன்ஃபீல்ட்ஸ் என்று ஒரு புறநகரே எழும்பிவிட்டது. மௌரி மக்களுக்கு இந்த மலைகள் முன்னோர் மலைகள். 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவற்றில் 14 மலைகள் ஆக்லாந்தின் பூர்வீகக் குலங்களின் கூட்டமைப்பிடம் திரும்பப் போயின. ஆகவே நகருக்குள் மண் மூடாத கல் என்ற காலம் முடிந்தது. இன்று நகரத்துக்கு ஜல்லி பெரும்பாலும் ஹுனுவா, ட்ரூரி, புரூக்பி போன்ற ஓரப் பகுதிகளிலிருந்து வருகிறது. அங்கே கிடைப்பது கிரேவாக், ஜுராசிக் காலத்துப் பழைய கடலடிப் படிவுப் பாறை. தென்தீவின் கேன்டர்பரி சமவெளி மாதிரி ஆற்றுச் சரளை இங்கே குவிந்து கிடக்கவில்லை. இங்கே சரளை என்றால் வெடி வைத்து உடைத்துக் கிரஷரில் அரைத்த கல்தான்.

இந்தக் கிரேவாக்கின் மேல்பகுதி மிதவெப்பத்திலும் ஓயாத மழையிலும் ஊறி ஊறிக் களிமண்ணாகிக் கிடக்கிறது. அதன் மேல் பல இடங்களில் பழைய எரிமலைச் சாம்பல் மண் வேறு. குவாரி ஆட்கள் பேசுவதைக் கவனியுங்கள்: மேலே களி, நடுவில் பிரவுன் ராக், கீழே புளூ ராக். புதிதாக வந்தவர்கள் பிரவுன் ராக்கையும் களியோடு சேர்த்து மேல்மண் கணக்கில் எழுதிவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பாதி சிதைந்த அந்தப் பழுப்புக் கல்லைக் கேப் 65 என்ற கலவையாகவும், வீட்டுமனையை உயர்த்தும் நிரப்புக் கல்லாகவும் விற்கலாம். நெடுஞ்சாலையின் மேலடுக்குக்குப் போகும் எம்4 தரத்துக்கு மட்டும் நீலக் கல் வேண்டும். அந்தத் தரத்துக்குக் கல் 130 கிலோநியூட்டன் நசுக்கு விசையைத் தாங்க வேண்டும், சாண்ட் ஈக்விவலன்ட் 40க்குக் குறையக் கூடாது. இரண்டாவது எண் உண்மையில் களிமண் சோதனைதான். நீலக் கல்லுக்குள்ளும் பிளவுகளிலும் நொறுங்கு மண்டலங்களிலும் களி ஒளிந்திருக்கும். ஒரு பக்கெட் களி தவறிக் கிரஷருக்குள் போனால் ஒரு குவியலே தரம் இறங்கிவிடும். அதனால் மேல்மண்ணை அகற்றும்போது கல் முகட்டை வழித்துச் சுத்தம் செய்வதற்கென்று தனியாக நேரம் ஒதுக்குங்கள். சின்ன பக்கெட், பொறுமையான ஆபரேட்டர். இந்த இடத்தில் அவசரம் காட்டும் குவாரிகள் அப்புறம் கழுவும் ஆலையில் பணத்தைக் கொட்டுகின்றன. கழுவிய சேறும் எங்காவது போயாக வேண்டும். அதற்கும் உங்கள் மண் கணக்கில் இடம் விடுங்கள்.

எல்லைக்கோடுகளைத் துளையிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஓடை அரித்த பள்ளத்தில் நல்ல நீலக் கல் வெளியே தெரியும். அதைப் பார்த்து, மேட்டிலும் கல் இதே மட்டத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும் என்று கோடு இழுக்கத் தோன்றும். பெரும்பாலும் உண்மை அதற்கு நேர்மாறு. மேட்டில்தான் சிதைவு ஆழமாகப் போயிருக்கும். கல் எளிதாகக் கிடைக்கும் அந்த ஓடையையும் அதன் ஈரநிலத்தையும் 2020ஆம் ஆண்டின் நன்னீர் மேலாண்மைக் கொள்கை இறுக்கிப் பிடித்திருக்கிறது. தொடுவதற்கு முன் பெரிய அனுமதிப் படலம் உண்டு. ஆகவே கல் மாதிரி எடுக்கும் துளைகளை மேட்டில் நெருக்கமாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். சிலவற்றில் நிலத்தடி நீர்மட்டம் பார்க்கும் குழாய்களையும் இறக்கிவிடச் சொல்லுங்கள்.

இனிக் கணக்கு. உங்கள் குவாரியின் எண்கள் எனக்குத் தெரியாது. எடுத்துக்காட்டாக ஒன்று போடுகிறேன், உங்கள் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 6 லட்சம் டன் ஜல்லி விற்பனை என்று வைப்போம். பத்தில் ஒரு பங்கு விற்க முடியாமல் கழியும் என்றால் வெடிக்க வேண்டியது 6.67 லட்சம் டன். கல்லின் அடர்த்தி 2.65, அப்படியானால் குழியில் சுமார் 2.5 லட்சம் கன மீட்டர். இரண்டு பங்கு கல்லுக்கு ஒரு பங்கு களி என்றால், ஆண்டுக்கு 1.25 லட்சம் கன மீட்டர் களி. வெட்டிய களி உப்பும். 30 விழுக்காடு சேர்த்தால் லாரியில் ஏறுவது சுமார் 1.63 லட்சம் கன மீட்டர். 40 டன் டம்பர் ஒன்று, தொட்டியில் ஒட்டிக்கொண்டு திரும்பி வரும் களியைக் கழித்தால், நடைக்கு 20 கன மீட்டர் கொட்டும் என்று வையுங்கள். மொத்தம் 8,100க்கு மேற்பட்ட நடைகள்.

ஆண்டு முழுவதும் ஓட்டினால் இது ஒன்றும் பெரிய எண் அல்ல. ஆனால் ஆக்லாந்தில் மண் வேலைக்கான பருவம் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரைதான். மே முதல் செப்டம்பர் வரை மண்ணைத் திறக்கத் தனி ஒப்புதல் வாங்க வேண்டும். கிடைத்தாலும் அந்தச் சேற்றில் டம்பர் ஓட்டுவது காசைக் கரைக்கும் வேலை. ஏழு மாதத்தில் வார விடுமுறை, கிறிஸ்துமஸ் அடைப்பு, மழை நாள், மழைக்கு மறுநாள் காயவிடும் நாள் எல்லாம் போக 110 வேலை நாள் தேறினால் நல்லது. நாளுக்கு 74 நடை. ஒரு டம்பர் நாளுக்கு 25 நடை அடித்தால் மூன்று டம்பர் போதும். கோடையே கைவிட்டு 80 நாள்தான் கிடைத்தது என்றால் நாளுக்கு 102 நடை. மூன்று டம்பரால் ஆகாது. கைவிடுமா என்று கேட்காதீர்கள். 2023 ஜனவரி 27 அன்று ஆக்லாந்து வெள்ளத்தில் மூழ்கியது நடுக்கோடையில்தான். அடுத்த மாதமே காப்ரியல் புயல்.

அதனால் நான் ஒரு விதி வைத்துக்கொள்வேன். ஒரு குளிர்காலத்தையும் ஒரு மோசமான கோடையையும் தாண்டும் அளவுக்குக் களி நீக்கிய கல் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். ஏறத்தாழ 18 மாதக் கல். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அது 3.75 லட்சம் கன மீட்டர். 12 மீட்டர் உயர பெஞ்ச் ஒன்றில் பார்த்தால் மூன்று ஹெக்டேருக்குச் சற்று மேல்.

இங்கேதான் கை பிசைய வேண்டிய இடம் வருகிறது. எவ்வளவு திறந்து வைக்கிறீர்களோ அவ்வளவு சேற்று நீர் ஓடும். ஹுனுவா பக்கத்து நீர் வைரோவா ஆறு வழியாகக் கிளீவ்டனைக் கடந்து ஹவுராக்கி வளைகுடாவுக்குப் போகிறது. ட்ரூரிப் பக்கம் என்றால் மனுக்காவ் துறைமுக நீருக்கு. இரண்டிலும் களிமண் படிந்தால் சிப்பியும் கடற்புல்லும் மூச்சுத் திணறும். ஆக்லாந்து மாநகராட்சியின் 2016ஆம் ஆண்டு மண்ணரிப்புக் கட்டுப்பாட்டு வழிகாட்டியை எல்லாரும் ஜிடி05 என்றுதான் சொல்கிறார்கள். அதன் முக்கியக் கணக்கு எளிது. சரிவு மிதமாக இருந்தால் திறந்த நிலத்தின் ஹெக்டேருக்கு 200 கன மீட்டர் குளம், செங்குத்தாகவோ நீளமாகவோ இருந்தால் 300. குவாரியில் பெரும்பாலும் 300தான் பொருந்தும். கல் முகடு, வெட்டுச் சரிவு, கொட்டுமிடம், ஹால் ரோடு எல்லாம் சேர்த்து 8 ஹெக்டேர் திறந்திருந்தால் 2,400 கன மீட்டர் குளம் வேண்டும். நீர் மேலாக மிதக்கும் டி வடிவக் குழாய் வழியே, ஹெக்டேருக்கு நொடிக்கு 3 லிட்டர் என்ற மெல்லிய வேகத்தில், வெளியேற வேண்டும். இந்தக் களி தானாகப் படியாது. துகள் அவ்வளவு நுண்மை. பாலிஅலுமினியம் குளோரைடு கலந்துதான் படிய வைக்கிறார்கள். குளத்தைத் திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். குளம் கட்ட இடமில்லாத சரிவில் வெட்டைத் தொடங்கவே முடியாது. ஒவ்வோர் ஆண்டின் வெட்டையும் தனித்தனிப் பாத்திகளாகப் பிரித்து, ஒரு பாத்தி முடிந்ததும் வைக்கோல் பரப்பியோ புல் விதைத்தோ மூடிவிட்டு அடுத்ததைத் திறங்கள். ஏப்ரல் வந்துவிட்டால் விதை முளைக்க வெயில் போதாது, மார்ச்சிலேயே விதையுங்கள்.

கொட்டுமிடத்துக்கு வருகிறேன். உப்பலைக் கணக்கில் எடுக்காமலே ஆண்டுக்கு 1.25 லட்சம் கன மீட்டர் என்றால் இருபது ஆண்டில் 25 லட்சம். சராசரி 15 மீட்டர் உயரத்துக்கு அடுக்கினாலும் ஏறத்தாழ 17 ஹெக்டேர் போய்விடும். அவ்வளவு நிலம் எந்தக் குவாரியிலும் சும்மா கிடப்பதில்லை. கிடக்கும் பள்ளத்தில் ஓடை இருக்கும். தப்பிக்க ஒரே வழி குழிக்குள்ளேயே திருப்பி நிரப்புவது. அதற்குக் குழியின் ஒரு முனையையாவது சீக்கிரம் கடைசி ஆழம் வரை வெட்டி முடித்திருக்க வேண்டும். நம்மூர்ப் பழக்கம் என்ன? குழி முழுவதையும் ஒரே மட்டமாகக் கீழே இறக்கிக்கொண்டே போவது. இங்கே அப்படி இறக்கினால் இருபதாம் ஆண்டு வரை குழிக்குள் ஒரு டம்பர் களிகூடக் கொட்ட முடியாது. ஆகவே ஐந்தாண்டுத் திட்டத்தில் நான் முதலில் தேடுவது இதைத்தான்: எந்த முனை முதலில் அடி தொடும்? அந்த அடிக்குக் கீழே இன்னும் எடுக்கத் தகுந்த கல் இருக்கிறதா என்று துளையிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும். மூடிய பிறகு யாரும் தோண்டப் போவதில்லை.

களியைக் கொட்டுவதும் சும்மா தள்ளிவிடும் காரியம் அல்ல. தெற்கு ஆக்லாந்தின் சாம்பல் மண் சில வகை, வெட்டும்போது பாளமாக நிற்கும்; டம்பர் இரண்டு தடவை மேலே ஏறி இறங்கினால் தண்ணீர் அதிகமான சப்பாத்தி மாவு போல் குழைந்துவிடும். அதை உலரவிட்டு மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, ஷியர் வேன் கருவியைச் செருகி வலிமை பார்த்து, அடியில் வடிகால் வைத்து ஏற்ற வேண்டும். குழைந்த களியை நல்ல களியோடு கலக்காமல் நடுவில் தனி அறை போல அடைத்துவிடுவது நல்ல வழக்கம். விளிம்பில் டம்பரைப் பின்னால் ஓட்டிக் கொட்ட விடாதீர்கள். சற்று முன்னாலேயே கொட்டச் சொல்லி டோசரால் தள்ளுங்கள். மழை விட்ட காலையில் விளிம்பில் வெடிப்பு தெரிகிறதா என்று யார் நடந்து பார்ப்பது என்பதைத் திட்டத்திலேயே பெயரோடு எழுதுங்கள். களியும் கல்லும் சந்திக்கும் மட்டத்தில் அகலமான ஒரு பெஞ்ச் விடுவதும் அதே காரணத்துக்காகத்தான். சரியும் களி அங்கே தங்கட்டும், கீழே டிரில் போடுபவர் தலையில் விழ வேண்டாம். அந்த அகலம் எவ்வளவு, களிச் சரிவு எத்தனை பாகை என்பதைப் புவித்தொழில்நுட்பப் பொறியாளர் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும். நீங்களோ நானோ தீர்மானிக்கிற விஷயம் அல்ல.

மண்ணைத் திறக்கும்போது எலும்போ, பழைய சிப்பிக் குவியலோ, அடுப்புக் கல்லோ தட்டுப்பட்டால் அந்த நிமிடமே எந்திரத்தை நிறுத்த வேண்டும். மௌரிக் குடியிருப்பின் எச்சமாக இருக்கலாம். தொல்லியல் அனுமதி இல்லாமல் அதைக் குலைப்பது குற்றம். இப்படி ஒரு நாள் வேலை நின்றால் எந்தப் பாத்திக்கு மாறுவது என்று முன்பே யோசித்து வையுங்கள்.

மேல்மண்ணை இவ்வளவு பெரிதுபடுத்துவது வெள்ளைக்காரர் வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். நெய்வேலியில் 1957இல் வெட்டத் தொடங்கியவர்கள் பழுப்பு நிலக்கரியைக் கண்ணால் பார்த்தது 1961இல். நான்கு ஆண்டு மண்ணையும் நிலத்தடி நீரையும் மட்டுமே அகற்றினார்கள். கருங்கல் குவாரிக்குப் பதில் நீங்கள் அங்கே வேலை பார்த்திருந்தால் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டீர்கள்.

செங்கல் பற்றிக் கேட்டீர்கள். ஆக்லாந்தில் களிமண் ஒரு காலத்தில் பெரிய தொழில்தான். ஹாப்சன்வில்லில் ரைஸ் ஓவன் கிளார்க் என்ற குடியேறி 1860களில் தன் நிலத்து நீரை வடிக்கக் களிமண் குழாய் சுடப்போய், அதுவே அவர் குடும்பத் தொழிலாயிற்று. 1929இல் பல ஆலைகள் இணைந்து அமல்கமேட்டட் பிரிக் அண்ட் பைப் என்ற நிறுவனமாயின. நியூ லின் பகுதியில் அதிலிருந்து கிளைத்த கிரவுன் லின் பீங்கான் ஆலையின் தட்டும் கோப்பையும் நியூசிலாந்தின் பெரும்பாலான வீடுகளில் இருந்தன. அதுவும் 1989இல் மூடப்பட்டது. இங்கே வீடு மரச்சட்டத்தில் எழுகிறது. செங்கல் வெளிப்புறத்தில் ஒட்டும் ஒரு தோல்தான். 1931 ஹாக்ஸ் பே நிலநடுக்கம் வெறும் செங்கல் சுவர்களைச் சாய்த்த பிறகு அந்த நம்பிக்கை திரும்பவில்லை. ஊர் ஊருக்குச் சூளை இருக்கும் நம் கணக்கு இங்கே உதவாது. வடக்கே மடௌரி பே களி பீங்கானுக்கு ஏற்றுமதியாகி வந்தது என்றாலும் அது வெண்மைக்காகத் தேர்ந்தெடுத்து வெட்டிய வேறு வகைக் களி. உங்கள் குவாரிக் களிக்கு இரண்டு சந்தைதான் பார்க்கலாம்: குப்பைக் கிடங்குகளின் அடியிலும் மேலும் பரப்பும் நீர்புகாப் படுக்கை, வீட்டுமனை மேம்பாட்டுக்கான நிரப்பு மண். இரண்டுக்கும் உலர்ந்த நல்ல களி வேண்டும், பிப்ரவரியில்தான் அது கிடைக்கும். விற்றால் லாபம் என்று எழுதாதீர்கள். விற்ற ஒவ்வொரு கன மீட்டரும் கொட்டுமிடத்தில் மிச்சம் என்று எழுதுங்கள். இன்னொன்று, நகரத்துக் கட்டுமானத் தளங்களும் தங்கள் களியைக் கொட்டக் குவாரிகளைத்தான் தேடுகின்றன. பணம் கொடுத்து உங்கள் குழிக்குள் கொட்டக் கேட்பார்கள். உங்கள் சொந்தக் களிக்கே இடம் போதுமா என்று பார்க்காமல் விற்பனைப் பிரிவு அதற்குத் தலையாட்டிவிடும், கவனம்.

எடுக்கும் கல்லுக்கு அரசிடம் சீனியரேஜ் கட்டணம் கட்டிப் பழகிய உங்களுக்கு ஒரு வேறுபாடு. 1991ஆம் ஆண்டு கிரவுன் மினரல்ஸ் சட்டப்படி தங்கம், வெள்ளி, யுரேனியம், பெட்ரோலியம் அரசுடையவை. தனியார் நிலத்துக் கல்லும் களியும் பெரும்பாலும் நிலத்துக்காரருடையவை. கட்டுப்பாடு வேறு பக்கமிருந்து வருகிறது. 1991ஆம் ஆண்டு வள மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வாங்கிய அனுமதிப் பத்திரமும், ஆக்லாந்து யூனிட்டரி பிளானில் குவாரிக்கென ஒதுக்கிய மண்டலமும். அனுமதிப் பத்திரத்தின் நிபந்தனைகளை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கி வரி விடாமல் படியுங்கள். லாரி நேரம், வெடி அதிர்வு, திறந்த பரப்பு எல்லாம் அதில் எண்ணாகவே இருக்கும்.

உங்கள் சான்று நேரடியாகச் செல்லாது. 2010இல் பைக் ரிவர் நிலக்கரிச் சுரங்கத்தில் 29 பேர் மாண்ட பிறகு இந்நாட்டின் சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் புதிதாக எழுதப்பட்டது. 2016ஆம் ஆண்டு விதிகள் குவாரிகளுக்கும் பொருந்தும். குவாரி மேலாளராக ஏ-கிரேடு அல்லது பி-கிரேடு தகுதிச் சான்று தேவை. திட்டப் பிரிவில் வரைபடம் போடுவதற்கு அது கட்டாயமில்லை என்றாலும், ஊரில் நீங்கள் பார்த்த வேலையின் ஆண்டுகளுக்கான கடிதங்களை இப்போதே வாங்கத் தொடங்குங்கள். பழைய முதலாளிகள் கடிதம் தர எடுக்கும் காலம் உங்களுக்குத் தெரியாததல்ல.

வரைபடத்தை மேலாளரிடம் நீட்டும்போது கல் பெஞ்சுகளின் தாளை அடியில் வையுங்கள். மேலே ஒரே ஒரு தாள்: ஒவ்வோர் ஏப்ரல் 30 அன்றும் களி எங்கே இருக்கும், எந்தக் குளத்துக்கு நீர் போகும், எத்தனை மாதக் கல் திறந்திருக்கும். ஐந்து ஏப்ரலுக்கு ஐந்து படம். அவர் முதலில் கேட்கப்போகும் கேள்வி, மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு கொட்ட இடம் எங்கே என்பதாகத்தான் இருக்கும்.